வேலிக்கு வெளியே பெர்மீலியா

ஏப்ரல் 8, 1934, ஞாயிறு

இன்றும் ஏமஸ் ப்ரூவிட் வந்தார். இன்றும் எதையும் தொடவில்லை.

சர்ச் முடிந்து வந்தவர் பொழுது சாயும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். காய்ந்த ஆப்பிள் வைத்து அடுக்கு கேக் செய்திருந்தேன். முந்தின நாளே செய்து ஊறவிட்டால்தான் அதற்கு ருசி. தட்டில் வைத்து நீட்டினேன். "இப்பத்தான் வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வர்றேன் ஆர்ஃபா," என்றார். போன வாரமும் வயிறு முட்டத்தான் வந்தார். அதற்கு முந்தின வாரமும். மனைவி செத்துப் பத்து வருடமாக, கிழட்டு அப்பாவும் தானுமாக உருளைக்கிழங்கை வேகவைத்துத் தின்கிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வயிறு எப்படி முட்டுகிறது?

போகும்போது மட்டும் மறக்காமல் வண்டியில் பீப்பாய் பீப்பாயாக என் ஊற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டார். போன கோடையிலிருந்தே மழை சரியில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் வற்றாத ஊற்று என்னுடையது ஒன்றுதான். ஆதாயம் இல்லாமல் யாராவது ஆற்றில் இறங்குவார்களா?

என் தண்ணீரில் விஷமில்லை. கேக்கில் மட்டும் இருக்கிறதோ?

ஏப்ரல் 10

வேலி ஓரத்தில் ஐசியைப் பிடித்துக் கேட்டேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தோழி. பொய் சொன்னால் மூக்கு சிவக்கும், அதனால் என்னிடம் சொல்ல மாட்டாள்.

"ஏடி, உனக்கு நிஜமாவே தெரியாதா? இல்ல, தெரியாத மாதிரி நடிக்கிறியா?" என்றாள். "உங்க அம்மாவைப் பெத்தவ, அந்த பெர்மீலியா. அப்புறம் உன் கிளாட். ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டாங்க. அதுலயும் முதல் முடிச்சு போட்டது யாருன்னு நினைக்கிற? ஏமஸோட அப்பன், லேஃப் கிழவன்தான்."

என் கணவர் கிளாட் ஐந்து வருடம் முன்பு இரவுச் சாப்பாட்டு மேஜையில் கரண்டியைப் பிடித்தபடியே சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். பெர்மீலியாவின் கணவன் ஆன்சலும் கைக்குழந்தையும் 1856-இல், இதேபோல் ஒரு வறட்சிக் கோடையில், ஒரே வாரத்தில் செத்தார்கள். அவளுக்கு மட்டும் ஒன்றுமில்லை. விஷம் வைத்தாள் என்று சொல்லிச் சபையை விட்டு விலக்கினார்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதுகூட அம்மா சொல்லித் தெரிந்ததல்ல, சந்தையில் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் கிளாட். போகிறவர் கட்டிலில் படுத்துப் போயிருக்கக் கூடாதா!

ஏப்ரல் 11

விஷக்காரியின் பேத்தி. நாற்பத்தெட்டு வயதில் எனக்கு ஒரு பட்டம்.

ஏப்ரல் 22

தூக்கம் வரவில்லை. அந்த பெர்மீலியா யார்? எங்கிருந்து வந்தாள்? எங்கே செத்தாள்? கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை. அவள் கையில் கறை இருந்தால் அதையும் நானே பார்த்துவிடுகிறேன். ஊர் சொல்லிக் கேட்பதைவிட அது மேல்.

1856-இல் அம்மா லுவீனியாவுக்கு மூன்று வயது. ஆன்சலின் அக்கா எடுத்து வளர்த்தாள். "எங்கம்மா நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்பவே போய்ச் சேந்துட்டா," என்பதற்கு மேல் அம்மா வாய் திறந்ததில்லை. குடும்ப பைபிளின் முன்பக்கத்தில், பெயர்கள் எழுதும் இடத்தில், ஆன்சலுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை. கத்தரியால் நறுக்கி எடுத்திருக்கிறார்கள். சின்ன வயதில் எலி கடித்தது என்று நம்பினேன். எலி இவ்வளவு நேர்கோட்டில் கடிக்குமா?

பிரசங்கியாரிடம் கேட்டேன். "பழசைக் கிளறினா புழுதான் வரும் சகோதரி," என்றார். புழு இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மே 30, கல்லறை அலங்கார நாள்

எல்லோரும் மவுண்ட் பிஸ்கா கல்லறைத் தோட்டத்தில் கூடிப் புல் வெட்டினோம், பியோனிப் பூ வைத்தோம், ஓக் மரத்தடியில் பலகை போட்டுச் சாப்பாட்டை அடுக்கினோம். என் பீன்ஸ் சட்டியையும் வைத்தேன். பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு கரண்டியும் என் சட்டியை ஒரு சாண் தள்ளியே கடந்துபோயிற்று. பிரசங்கியாரின் மனைவி மட்டும் எடுத்தாள், தட்டின் ஓரத்தில் வைத்தாள், கடைசியில் நாய்க்குப் போட்டாள். நாயை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள் பாவி.

கோபத்தில் எழுந்து வடக்கு வேலியோரம் நடந்தேன். வேலிக்கு வெளியே தேவதாரு மரத்தடியில் ஒரு கல். பெயர் இல்லை. தலைமாட்டுக் கல்லும் கால்மாட்டுக் கல்லும் வடக்கு தெற்காக நட்டிருக்கின்றன. உள்ளே இருக்கிற அத்தனை பேரும் கிழக்கே கால் நீட்டிப் படுத்திருக்கிறார்கள், உயிர்த்தெழும் நாளில் சூரியனைப் பார்த்து எழ வேண்டும் என்று. இந்த ஒரு ஆள் மட்டும் குறுக்கே.

ஐசியை இழுத்து வந்து காட்டினேன். மூக்கு சிவந்துவிட்டது அவளுக்கு. "யாரோ வழிப்போக்கன்," என்றாள்.

"ஐசி!"

"சரி, அவதான். எங்கம்மா ஒரு தடவை காட்டினா. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

இத்தனை வருடம் அந்த மரத்தடியில்தான் குதிரையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9

புலியின் குகைக்கே போனேன். ஏமஸ் பட்டறைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான்.

லேஃப் கிழவன் கதவருகே நாற்காலியில். "யாரு, லுவீனியா மகளா? படியிலயே நில்லு. கையில என்ன?"

"வெறுங்கையோடதான் வந்திருக்கேன் பெரியவரே."

"அதான் நல்லது."

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். 1856-இல் என்ன நடந்தது, கண்ணால் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான் மிச்சம் என்றேன். சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். அதற்காகவே காத்திருந்தவர் போலக் கொட்டினார்.

"அப்ப எனக்கு ஒன்பது வயசு. ஆன்சல் அண்ணன் பசுவை மேய்க்கிறது என் வேலை. எங்கப்பன் என்னை அடிச்ச அடிக்கு, அந்த மனுசன்தான் என்னை மனுசனா நடத்தினாரு. கத்தி பிடிச்சு மரத்துல குருவி செதுக்கக் கத்துக்குடுத்தாரு. அவரு சாகறதைப் பாத்தேன் பொண்ணே. முதல்ல கால் தடுமாறுச்சு. அப்புறம் ஓயாத வாந்தி. வாயில ஒரு நாத்தம், இப்பவும் நெஞ்சுல நிக்குது. அவ பக்கத்துல உக்காந்துகிட்டு கரண்டி கரண்டியா பால் ஊத்திக்கிட்டே இருந்தா. ஊத்த ஊத்த அவரு தேஞ்சுக்கிட்டே போனாரு."

"பால் நோயா இருந்திருக்கலாமே?" என்றேன். மாட்டுப் பால் வழியாக வரும் அந்த நோயில் அந்தக் காலத்தில் ஊர் ஊராகவே காலி செய்துகொண்டு போயிருக்கிறார்கள் என்று கேள்வி.

தடியால் தரையைத் தட்டினார். "அன்னைக்கே எல்லாரும் அதத்தான் கேட்டாங்க. பால் நோய்னா பசு நடுங்கணும், கால் மடங்கி விழணும். அந்தப் பசு கல்லு மாதிரி நின்னுச்சு. நான்தானே பாத்துக்கிட்டேன்! ஊரெல்லாம் புல்லு கருகிக் கிடந்தப்ப, பாவம் வாயில்லாச் சீவன்னு, நான் தினம் வேலிக் கட்டையை இறக்கிட்டு ஓடைப் பள்ளத்துக்கு ஓட்டிட்டுப் போவேன். நல்ல நிழல். இடுப்பளவு பச்சை. வயிறார மேயும். கடைசி வரைக்கும் பால் குறையலை. சபையில என்னை நிக்க வெச்சுக் கேட்டாங்க. பசு நல்லா இருக்குன்னு சொன்னேன். அவளும் அதே பாலைத்தான் குடிச்சா, அவளுக்கு ஒரு தலைவலி இல்ல. பசுவுக்கும் ஒண்ணுமில்ல, அவளுக்கும் ஒண்ணுமில்ல. அப்ப அந்த ரெண்டு உசிரை எது கொண்டுபோச்சு? நீயே சொல்லு."

தடியை என் பக்கம் நீட்டினார்.

"இன்னொண்ணு கேளு. ஒரு நாள் எனக்கும் ஒரு குவளை குடுன்னு கேட்டேன். 'உனக்கு வேணாம்டா, போ'ன்னா. ஏன் குடுக்கல? அதுல என்ன இருந்துச்சுன்னு அவளுக்குத் தெரியும். பிள்ளையைக் கொல்ல மனசு வரல."

கிளம்பும்போது சும்மா கேட்டு வைத்தேன், அவள் அதற்கப்புறம் எவ்வளவு நாள் இருந்தாள் என்று.

"நாளா? எனக்குக் கல்யாணம் ஆகி, ஏமஸுக்கு மூத்தவன் பொறந்தப்புறம்கூட மில்லுல பாத்தேன். வாத்து இறகு மூட்டை கொண்டுவந்து நிப்பா. வாங்கினது வெளியூர் வியாபாரிங்க மட்டும்தான். அவ குடுத்த இறகுல யாரு தலை வெச்சுத் தூங்குவாங்க? எழுபத்தேழுல செத்தா."

எழுபத்தேழு! அப்போது என் அம்மாவுக்கு இருபத்து நாலு வயது. தாய் செத்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டு, இதே பள்ளத்தாக்கில் ஆறு மைல் தள்ளி, அம்மா நெய்துகொண்டும் துவைத்துக்கொண்டும் இருந்திருக்கிறாள். அவளும் ஒருநாள் அந்த மில்லுக்குப் போயிருப்பாளே. இறகு மூட்டையோடு நின்ற பொம்பளையைப் பார்த்து நகர்ந்து நின்றிருப்பாளோ?

ஜூன் 10

அந்தக் குவளைப் பால் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏன் கொடுக்கவில்லை?

நேற்றுவரை அவளை நம்பினேனா? நம்பினேன் என்றுதான் நினைத்தேன். இன்று காலை என் பசு டாலியிடம் பால் கறக்கும்போது, அவள் செய்திருந்தால் எதற்காகச் செய்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் ரத்தத்தை நானே சந்தேகப்படுகிறேன்! ஊரைச் சொல்லி என்ன.

ஜூன் 24

ஐசியின் பெரியம்மாவிடம் விசாரித்ததில் கொஞ்சம் கிடைத்தது. பெர்மீலியா டென்னசி மலைப் பக்கத்துப் பெண். தாய் மருத்துவச்சி, மூலிகை தெரிந்தவள். ஆன்சல் அங்கே குதிரை வாங்கப் போன இடத்தில் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். இங்கே அவளுக்குச் சொந்தம் என்று ஒரு காக்காய்கூட இல்லை.

மூலிகை தெரிந்த தாய். இது வேறா! தோண்டத் தோண்ட எனக்கு எதிராகவே வருகிறது.

ஜூலை 7

பள்ளிக்கூடத்தில் விவசாய ஆபீசர் கூட்டம் போட்டார். வறட்சிக்குக் கடன் தருவார்கள் என்று எல்லோரும் போனோம். கண்ணாடி போட்ட இளவட்டம். கடனைப் பற்றிப் பேசாமல் ஒரு காய்ந்த செடியைத் தூக்கிக் காட்டினார். இதய வடிவ இலை, நுனியில் வெள்ளைப் பஞ்சு போலப் பூ. நிழலான ஓடைப் பள்ளங்களில் வளர்வது. நம் காட்டில் கொட்டிக்கிடக்கிறது, எத்தனையோ முறை மிதித்துப் போயிருக்கிறேன்.

"பால் நோய் இதுலேர்ந்துதான் வருது. இப்ப சில வருசமா ஆராய்ச்சி பண்ணி நிச்சயமாச் சொல்றாங்க. மேய்ச்சல் காய்ஞ்சா மாடு காட்டுக்குள்ள போய் இதைத் தின்னும். அதனால இந்த வருசம் வேலியைப் பாத்துக்குங்க," என்றார்.

பின்னால் யாரோ கேட்டார்கள்: "மாடு நடுங்கினாத் தெரிஞ்சுடுமே?"

"அதுதான் இதுல ஏமாத்து வேலை. கறவை மாடு நடுங்காது. விஷம் பாலோட வெளிய போயிடும். கன்னுக்குட்டி விழும், வத்தின மாடு விழும். கறக்கிற மாடு ஜம்முன்னு நிக்கும்."

நான் எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை. "அந்தப் பாலை ஒரு தாய் குடிச்சா? கைக்குழந்தைக்குப் பால் குடுக்கிற தாய்?"

ஆபீசர் காதுவரை சிவந்துபோனார். ஆண்கள் நிறைந்த கூட்டம். "அது... அதுவும் அப்படித்தான் மேடம். தாய் தப்பிச்சுக்கலாம். குழந்தைக்குத்தான்..." என்று செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மூன்றாம் பெஞ்சில் ஏமஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 8

அய்யோ, பெர்மீலியா!

புருஷன் தேயத் தேயப் பால் ஊற்றியிருக்கிறாள். தேறட்டும் என்று. பையனுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்து நோயாளிக்கு ஊற்றியிருக்கிறாள். பிள்ளைக்குத் தன் மார்பையே கொடுத்திருக்கிறாள். என் அம்மா பிழைத்தது, அவளுக்குப் பால் என்றாலே குமட்டும் என்பதால்தான். சாகும்வரை ஒரு சொட்டு குடித்ததில்லை அம்மா. அத்தனையும் பொருந்துகிறது. ஒரே நாளில் அத்தனையும்!

அதுமட்டுமா? கட்டையை இறக்கியது யார்? பசுவைப் பள்ளத்துக்கு ஓட்டியது யார்? தன் வாயாலேயே பெருமையாகச் சொன்னானே கிழவன்! சபையில் ஏறி நின்று சாட்சி சொன்னானே! செய்ததெல்லாம் அவன், சுமந்தது அவள்.

ஆகஸ்டில் சர்ச் குடும்பக்கூடல். ஊரே இருக்கும். அன்றைக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 15, ஞாயிறு

ஏமஸ் வந்தார். இன்றைக்கு நான் கேக்கை எடுக்கவே இல்லை. நேராகவே கேட்டேன்.

"என்னைப் பாக்க வர்றீங்களா, என் ஊத்துத் தண்ணியைப் பாக்க வர்றீங்களா?"

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "ஊத்துக்குன்னா வாரநாள்லயும் வந்திருப்பேனே. என் மாடு ஞாயித்துக்கிழமை மட்டுமா தண்ணி குடிக்கும்?"

"அப்ப ஏன் சாப்பிட மாட்டேங்கிறீங்க? பொய் சொன்னீங்க, பீப்பாயைக் கவுத்துடுவேன்."

பீப்பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கிளாட் செத்த வாரத்தில் கிழவன் அவரைக் கல்லறைக்கு அழைத்துப்போய், தாயின் கல் மேல் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருக்கிறான். அந்த வீட்டில் ஒரு வாய்கூடத் தின்னக் கூடாது, அப்பன் உயிரோடு இருக்கும்வரை. "எனக்கு அதுல நம்பிக்கை இல்ல ஆர்ஃபா. ஆனா அம்மா கல்லு மேல கை வெச்சுட்டேன்."

"அவரு போற வரைக்கும் வாரா வாரம் வந்து என் கேக்கைப் பாத்துட்டே போவீங்களா?"

"வாசனை பிடிப்பேன்," என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது.

கட்டையை இறக்கிய கதை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. தனியாகச் சொன்னால் அப்பனிடம் போய் எச்சரிப்பார். இல்லை, இந்தச் சத்தியக் கதையே அப்போதைக்குக் கட்டியதா? அம்மா கல்லின் மேல் கை வைத்தவர் என்று எப்படி நம்புவது? பார்க்கலாம்.

ஜூலை 29

மழை இல்லை. பீச் இலைகள் இப்போதே உதிர்கின்றன. டாலி காட்டுப் பக்கமே பார்த்துக் கத்துகிறது. கட்டியே வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 12

ஐசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போடு ஒரு போடு! கிழவன் இனி ஜென்மத்துக்கும் வாயைத் திறக்கக் கூடாது," என்றாள். பசுக்கொட்டிலில் நின்று பேசிப் பழகினேன். டாலி கேட்டது. நன்றாகத்தான் வந்தது.

ஆகஸ்ட் 19, குடும்பக்கூடல்

எழுத உட்கார்ந்து வெகுநேரம் ஆகிறது. கை ஓடவில்லை.

சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் எழுந்து தம் வம்சத்தைச் சொல்வது எங்கள் வழக்கம். இந்த மண்ணில் கிடக்கிற தம் ஆட்கள் பெயரையெல்லாம் சொல்லி உட்கார வேண்டும். அம்மா ஆன்சலோடு நிறுத்திக்கொள்வாள். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

இன்று எழுந்தேன். "நான் ஆர்ஃபா. லுவீனியா மகள். லுவீனியா, ஆன்சல் கோஃபோர்த்துக்கும் பெர்மீலியா கோஃபோர்த்துக்கும் பொறந்தவ."

எங்கேயோ ஒரு கரண்டி விழுந்தது. பிரசங்கியார் தொண்டையைக் கனைத்தார். நான் நிறுத்தவில்லை. ஆபீசர் சொன்னதைச் சொன்னேன். வறட்சியைச் சொன்னேன், வெள்ளைப் பூவைச் சொன்னேன், கறவை மாடு நடுங்காது என்பதைச் சொன்னேன். பிள்ளை பெற்ற பெண்கள் ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள். ஐசி கண்ணைக் காட்டினாள்: இப்போ சொல்லு, இப்போ.

திரும்பி லேஃப் கிழவனைப் பார்த்தேன். ஓக் மரத்தடியில், மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு ஆடிக்கொண்டிருந்தது. ஏமஸ் அந்தச் செடியைப் பற்றி வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். அவருக்குத் தெரியும். அடி வாங்கப் போகிற சின்னப் பையனின் முகம் அது. அப்பன் அடித்த பையன், பசு பட்டினி கிடக்கிறதே என்று கட்டையை இறக்கின பையன். பழகி வைத்திருந்ததெல்லாம் போயிற்று.

"பசு எப்படியோ வேலியைத் தாண்டிப் போயிருக்கு. யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல," என்று சொல்லி உட்காரப் போனேன்.

தடி தரையில் இடித்தது. "பொய்!"

எல்லோரும் திரும்பினார்கள். ஏமஸ் பிடிக்கப் போனார். கிழவர் கையைத் தட்டிவிட்டு எழுந்து நின்றார்.

"அது தாண்டற மாடு இல்ல. நான் கட்டையை இறக்கினேன். தினமும் நான்தான் இறக்கினேன். அவளுக்குத் தெரியாது, வழக்கமான மேய்ச்சல்லதான் மேயுதுன்னு நினைச்சா. அந்தப் பூவுல ஒரு கொத்து பறிச்சிட்டுப் போய் அவகிட்ட குடுத்தேன், அழகா இருக்குன்னு. வாங்கி ஜன்னல்ல வெச்சா." மூச்சு வாங்கியது. "சபையில என்னைக் கேட்டாங்க. நான் பசுவைக் காப்பாத்தினேன். அவளைக் காப்பாத்தலை."

உட்கார்ந்துவிட்டார். யாரும் சாப்பாட்டைத் தொடவில்லை, என் சட்டியென்று இல்லை, எந்தச் சட்டியையும்.

வெற்றிதானே இது? பின்னே ஏன் எனக்கு ஒன்றும் இறங்கமாட்டேன் என்கிறது?

செப்டம்பர் 1

ஆண்கள் கூடி வடக்கு வேலியைப் பிடுங்கித் தேவதாரு மரத்துக்கு அப்பால் நட்டார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை, பிரசங்கியார்தான் முதல் குழி தோண்டினார். இத்தனை வேகம் ஏன்? பாவம் தீர்க்கவா, என் வாயை அடைக்கவா? இரண்டும் இருக்கும்.

அவளைத் தோண்டித் திசை மாற்றிப் படுக்க வைக்கலாமா என்று பேச்சு வந்தது. ஏமஸ்தான், "விடுங்க. எழும்பறப்ப அவளே திரும்பிக்குவா," என்றார். கல்லில் பெயர் வெட்டும்போது நானும் கூடவே நின்றேன். எழுத்தைத் தடவிப் பார்த்தேன். தைரியமாக அழுதேன்.

கிழவர் வரவில்லை.

செப்டம்பர் 6, வியாழன்

வியாழக்கிழமை ஏமஸ் வந்தார். பீப்பாய் இல்லை. முகத்தில் நாலு நாள் தாடி.

"அப்பா சாப்பிடறதில்ல ஆர்ஃபா. வேலி நட்ட நாள்லேர்ந்து தண்ணி மட்டும்தான். நான் குடுத்தாலும் வேணாங்கறாரு, டாக்டர் சொல்லியும் கேக்கலை. 'ரெண்டு பேரைக் கொன்னேன், ஒருத்தியை இருபது வருசம் உசிரோட கொன்னேன், எனக்கெதுக்கு சோறு'ங்கறாரு. இன்னும் ரெண்டு நாள் தாங்க மாட்டாரு."

என்னிடம் எதற்குச் சொல்கிறார்? பெர்மீலியாவுக்கு யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்? இருபது வருடம் அவள் வீட்டுப் படியை மிதித்தவர் யார்? கிடக்கட்டும் கிழவன், பட்டினி கிடந்தால் தெரியும்! அவர் போய்விட்டால் சத்தியமும் போய்விடும், ஏமஸ் என் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடலாம். இந்தக் கணக்கும் மனதில் வந்தது. ச்சே, என்ன பொம்பளை நான்!

ஏமஸ் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செப்டம்பர் 7

விடியற்காலையில் ஒரு கோழியை அறுத்தேன். சாறு வைத்து மாவுருண்டை போட்டு, சட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

கிழவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஏமஸ் கதவோரம்.

"இங்க எதுக்கு வந்த?"

"சாப்பாடு கொண்டுவந்திருக்கேன்."

"நீ எதுக்கு எனக்குப் போடணும்?"

"ஏன், நான் போட்டா தின்ன மாட்டீங்களா? இன்னும் பயமா?"

திரும்பினார். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தது. நான் கிண்ணத்தில் ஊற்றி, ஒரு கரண்டி எடுத்து என் வாய்க்குக் கொண்டுபோனேன். ஐசி சொன்னதைக் கேட்டதிலிருந்து யார் முன்னால் சாப்பாடு வைத்தாலும் முதல் வாயை நானே தின்று காட்டுவது பழக்கமாகிவிட்டது. கிழவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்புக் கை, ஆனால் பிடி பலமாக இருந்தது.

"வேணாம். நீ தின்னு காட்ட வேணாம்."

கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பாதி தாடியில் சிந்தியது, பாதி உள்ளே போயிற்று. இரண்டாவது கரண்டி. மூன்றாவது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருந்தால் அழுதிருப்பேன், அது அந்தக் கிழவருக்குத் தெரிய வேண்டாம்.

"நீ ஏன்டா நிக்கிற?" என்று ஏமஸை அதட்டினார். "தட்டை எடு. சத்தியமும் மண்ணாங்கட்டியும்! நான் சொல்றேன், எடு."

ஏமஸ் எடுத்தார். நின்றபடியே, சூட்டோடு சூடாகத் தின்றார். வயிறு முட்டியிருக்கிற சாக்கு எதையும் காணோம். சட்டியைச் சுரண்டினார்.

கிழவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "உப்புக் குறைச்சல்," என்றார்.

எழுபத்தெட்டு வருடம் கழித்து எங்கள் கையால் தின்றுவிட்டு, முதல் வார்த்தை இது! வீட்டுக்கு வந்து மிச்சச் சாற்றை ருசி பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருக்கிறது. நாக்கு மரத்துப்போய் அப்படிச் சொன்னாரா, இல்லை, நாளைக்கும் என்னை வரவைக்கச் சொன்னாரா? எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. நாளைக்கு ஒரு சிட்டிகை கூடப் போட்டுக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்.